க்ராஃப்ட்வெர்க்: இயந்திரங்களைப் பாட வைத்த டூசல்டார்ஃப்காரர்கள்

கார் கதவு படாரென்று சாத்தப்படுகிறது. எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்புகிறது, ஹாரன் ஒலிக்கிறது. அப்புறம் உலோகத்தில் வார்த்தது போன்ற ஒரு குரல் 'ஆட்டோபான்' (ஜெர்மனியின் விரைவு நெடுஞ்சாலை) என்று இழுத்துச் சொல்ல, பாட்டு தொடங்குகிறது. தொடங்கினால் 22 நிமிடத்துக்கும் மேல் ஓடும். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க இந்த ஒரே பாட்டுதான். நெடுஞ்சாலையில் கார் ஓட்டிப் போவதைத் தவிர அதில் வேறு கதை கிடையாது. வெயில், சாம்பல் நிறச் சாலை, வெள்ளைக் கோடுகள், ஓரத்துப் பச்சை, பக்கத்தில் விருட்டென்று கடந்து போகும் வண்டிகள், கார் ரேடியோ. அவ்வளவுதான். 1974 நவம்பரில் மேற்கு ஜெர்மனியில் வெளிவந்த இந்தப் பாட்டைச் செய்தவர்கள் டூசல்டார்ஃப் நகரத்துக் குழுவான க்ராஃப்ட்வெர்க்.

சிந்த்-பாப் என்ற பெயரைக் கேள்விப்பட்டு, அது என்ன, எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இவர்களைத்தான். சிந்தசைசரை முதன்மை வாத்தியமாக வைத்துச் செய்யும் பாப் இசைக்கு சிந்த்-பாப் என்று பெயர். கிடாரும் டிரம்ஸும் இருக்க வேண்டிய இடத்தில் மின்னணுக் கருவிகள் இருக்கும். 1970களின் கடைசியில் பிரிட்டனில் இது ஓர் அலையாக எழுந்து, 80களில் உலகம் முழுக்கப் பரவியது. அந்த அலையில் வந்தவர்களில் பலரும் 'நாங்கள் இவர்களைக் கேட்டுத்தான் தொடங்கினோம்' என்று கைகாட்டியது க்ராஃப்ட்வெர்க்கை.

கருவிகளை வைத்து மட்டும் இவர்களை அளந்தால் பாதிதான் புரியும். அந்தக் காலத்தில் சிந்தசைசர் வைத்திருந்தவர்கள் வேறு பலரும் உண்டு. தினமும் கண்ணில் படுகிற சாலை, ரயில், வானொலி, கால்குலேட்டர் இவையெல்லாம் பாட்டுக்குத் தகுந்த பொருள் என்று நம்பி, அவற்றின் சத்தத்திலிருந்தே மெட்டும் தாளமும் எடுத்தார்களே, அதுதான் இவர்களின் பெரிய காரியம் என்பது என் கருத்து.

சிந்தசைசர் எப்படி வேலை செய்கிறது?

வீணையில் தந்தி அதிர்கிறது, புல்லாங்குழலில் காற்று அதிர்கிறது. சிந்தசைசரில் அப்படி அதிர ஒரு பொருளும் இல்லை, மின்னோட்டம்தான் ஊசலாடுகிறது. அந்த ஊசலாட்டத்தை உண்டாக்கும் பகுதிக்கு ஆசிலேட்டர் என்று பெயர். நொடிக்கு 440 முறை ஊசலாடினால் ஒரு சுரம். வேகத்தைக் கூட்டினால் சுரம் மேலே ஏறும், குறைத்தால் இறங்கும். ஊசலாட்டம் எந்த வடிவத்தில் போகிறது என்பதைப் பொறுத்து ஒலியின் குணம் மாறும். ரம்பப் பல் போன்ற வடிவம் என்றால் கூர்மையாக ரீங்கரிக்கும். சதுர வடிவம் என்றால் உள்ளே குடைந்த மாதிரி ஒலிக்கும்.

இந்தக் கச்சா ஒலி அடுத்து ஃபில்டருக்குள் போகிறது. டீ வடிகட்டியில் சக்கை நிற்பது போல, அதிக அதிர்வெண் உள்ள பகுதிகள் அங்கே நின்றுவிடும். மிச்சம் வெளியே வரும். ஃபில்டர் குமிழை மெதுவாகத் திருகினால் ஒலி மூடிய வாயிலிருந்து திறந்த வாய்க்கு வருவது போலக் கேட்கும். கடைசியாக என்வலப் என்று ஒன்று. கீபோர்டு சாவியை அழுத்தியதும் ஒலி சட்டென்று எழ வேண்டுமா, மெல்ல மலர வேண்டுமா, விரலை எடுத்ததும் உடனே நிற்க வேண்டுமா, கொஞ்சம் இழுபட வேண்டுமா என்பதை அது முடிவு செய்யும். இந்த மூன்றும் புரிந்துவிட்டால் பழைய சிந்தசைசரின் அடிப்படை புரிந்துவிட்டது.

1960களில் இந்தக் கருவிகள் பீரோ அளவுக்கு இருந்தன. பல்கலைக்கழகங்களிலும் பெரிய ஸ்டுடியோக்களிலும்தான் பார்க்க முடியும். அமெரிக்காவின் ராபர்ட் மூக் நிறுவனம் 1970இல் மினிமூக் என்ற கையடக்கமான கருவியைக் கொண்டுவந்த பிறகுதான் சிந்தசைசர் மேடை ஏறியது. 'ஆட்டோபான்' பாட்டின் அடிநாதமாக ஓடுவது மினிமூக்கின் ஒலிதான். அதில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்க முடியும். இரண்டு சாவியைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றுதான் கேட்கும். க்ராஃப்ட்வெர்க்கின் மெட்டுகள் ஏன் அவ்வளவு எளிமையாக, ஒற்றை விரலால் வாசிக்கிற மாதிரி இருக்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் குறையை அவர்கள் தங்கள் பாணியாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

இன்னும் இரண்டு கருவிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். சீக்வென்சர் என்பது சில சுரங்களை வரிசையாக நினைவில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் சோர்வில்லாமல் வாசிக்கும் கருவி. வோகோடர் என்பது மனிதக் குரலின் வடிவத்தை எடுத்து சிந்தசைசர் ஒலியின் மேல் ஏற்றுவது. நாம் பேசுகிறோம், வார்த்தை நம்முடையது, ஆனால் தொண்டை இயந்திரத்தினுடையது. இது இசைக்காகப் பிறந்த கருவியே கிடையாது. 1930களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொலைபேசிக் கம்பிகளில் அதிகப் பேச்சை அனுப்புவதற்காக உருவானது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் ரகசியப் பேச்சைக் காக்கவும் பயன்பட்டது. 'ஆட்டோபான்' தொடக்கத்தில் கேட்கும் அந்த உலோகக் குரல் வோகோடர்தான்.

சரி, இதைச் செய்தவர்கள் யார்?

ரால்ஃப் ஹூட்டர் 1946இல் பிறந்தவர், ஃப்ளோரியான் ஷ்னைடர் 1947இல். இரண்டு பேரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். ஷ்னைடரின் அப்பா பால் ஷ்னைடர்-எஸ்லேபன் பெயர் பெற்ற கட்டடக் கலைஞர். கொலோன்-பான் விமான நிலையத்தை வடிவமைத்தவர். ஷ்னைடர் கற்றது புல்லாங்குழல். ஹூட்டர் ஆர்கன் வாசித்தார். 60களின் கடைசியில் இசை மாணவர்களாகச் சந்தித்து, முதலில் ஆர்கனைசேஷன் என்ற குழுவில் சேர்ந்து வாசித்தார்கள். 1970இல் க்ராஃப்ட்வெர்க் பிறந்தது. ஜெர்மன் மொழியில் மின் நிலையம் என்று பொருள்.

அவர்கள் பிறந்த ஆண்டுகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். போர் முடிந்த மறுவருடமும் அதற்கு அடுத்த வருடமும். குண்டு விழுந்த நகரங்களில் வளர்ந்த தலைமுறை அது. பெற்றோர் காலத்துப் பண்பாட்டின் மேல் நாஜி ஆட்சியின் கறை. வானொலியைத் திருப்பினால் அமெரிக்க, ஆங்கிலேய ராக்; இல்லாவிட்டால் ஷ்லாகர் என்று அவர்கள் சொல்லும் இனிப்பான ஜெர்மன் மெல்லிசை. தங்களுக்கென்று நிகழ்கால இசை ஒன்று இல்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது என்று ஹூட்டர் பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அமெரிக்கக் கறுப்பின ப்ளூஸையோ பீட்டில்ஸின் லிவர்பூல் பாணியையோ நகல் எடுக்க இவர்களுக்கு மனமில்லை. தங்கள் ஊர் ரைன் நதிக்கரைத் தொழில் வட்டாரம். அங்கே கேட்பது ஆலைச் சத்தம், ரயில் சத்தம், சாலைச் சத்தம். அதையே எடுத்துக்கொண்டார்கள். ஆட்டோபானையே ஹிட்லர் ஆட்சி தன் பெருமையாக விளம்பரம் செய்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்தச் சாலையை, ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டிப் போகிற சாதாரண மக்களின் சாலையாக இந்தப் பாட்டு திரும்ப வாங்கிக்கொடுத்தது.

டூசல்டார்ஃப் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மின்ட்ராப் தெருவில் ஒரு கட்டடத்தை எடுத்து ஸ்டுடியோ ஆக்கினார்கள். க்ளிங் க்ளாங் என்று பேர் வைத்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளுக்கு அதுதான் அவர்களுக்கு அலுவலகம், பட்டறை, வாத்தியம் எல்லாமே. வெளியாட்களுக்கு அங்கே இடமில்லை. தொடக்க கால இசைத்தட்டுகளில் கோனி பிளாங்க் என்ற அருமையான ஒலிப்பதிவாளர் உடனிருந்தார். 'ஆட்டோபான்' வரைக்கும் அவர் கை உண்டு. கூர்ந்து கேட்டால் அந்தப் பாட்டின் நடுவில் புல்லாங்குழலும் கிடாரும்கூடக் கேட்கும். முழுக்க மின்னணுவாக மாறுவதற்கு முந்தைய வாசற்படி அது. அந்த ஆல்பத்தின் அட்டைப்படம் வரைந்த எமில் ஷுல்ட் டூசல்டார்ஃப் கலைக் கல்லூரியில் கலைஞர் ஜோசஃப் பாய்ஸிடம் படித்தவர். பாட்டு வரிகளிலும் கைகொடுத்தார்.

1973இல் வொல்ஃப்காங் ஃப்ளூர் வந்தார். 1975இல் கார்ல் பார்டோஸ் வந்தார். டூசல்டார்ஃப் இசைக் கல்லூரியில் தாள வாத்தியம் படித்துக்கொண்டிருந்தவர். ஹூட்டர், ஷ்னைடர், ஃப்ளூர், பார்டோஸ். இந்த நால்வர்தான் எல்லோருக்கும் தெரிந்த க்ராஃப்ட்வெர்க்.

'ஆட்டோபானை' மூன்றரை நிமிடத்துக்கு வெட்டி வானொலிக்குக் கொடுத்ததும் அமெரிக்காவில் பிடித்துக்கொண்டது. விற்பனைப் பட்டியலில் சிங்கிள் (தனிப்பாட்டுத் தட்டு) 25ஆம் இடம் வரை போனது, ஆல்பம் 5ஆம் இடம். பிரிட்டனில் சிங்கிள் 11, ஆல்பம் 4. ஜெர்மன் மொழியில் பாடிய பாட்டுக்கு இது எதிர்பாராத வெற்றி.

அந்த 1975ஆம் ஆண்டு பிபிசியின் அறிவியல் நிகழ்ச்சி ஒன்றில் இவர்கள் தோன்றிய காட்சி இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. இசையில் ஆர்வமுள்ள ஒவ்வொருவரும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அந்தக் காலத்து ராக் பாடகர்கள் தோள்வரை முடி, பெல்பாட்டம் என்று திரிந்தபோது, இவர்கள் வெட்டிய முடியும் கோட்டும் டையுமாக வங்கி ஊழியர் போல நிற்கிறார்கள். டிரம்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டையான பலகை. அதில் வட்ட வட்டமாக உலோகத் தகடுகள். பின்னல் ஊசி போன்ற மெல்லிய உலோகக் குச்சிகளால் ஃப்ளூர் அவற்றைத் தொடுகிறார். குச்சியிலிருந்து கம்பி போகிறது. குச்சி தகட்டில் பட்டதும் மின்சுற்று இணைகிறது, டிரம் ஒலி பிறக்கிறது. ஓங்கி அடிக்க வேண்டியதில்லை, பட்டால் போதும். அடுத்ததாக, கோட்டுக் காலரைத் தொட்டே வாசிக்கிற சட்டை செய்யப்போகிறார்கள் என்று அறிவிப்பாளர் சொல்லி முடிக்கிறார். பார்வையாளர்கள் வியந்தார்களா முகம் சுளித்தார்களா தெரியாது. ஆனால் அன்றைக்குத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் பையன்களில் சிலர் வாழ்க்கையை அது மாற்றியது உண்மை.

சாலை, வானொலி, ரயில், கணினி

1975இலேயே 'ரேடியோ-ஆக்டிவிட்டி' வந்தது. வானொலி அலை, கதிரியக்கம் இரண்டையும் ஒன்றாகப் பிணைத்த ஆல்பம். கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவியின் டிக் டிக் சத்தம்தான் தாளம். அப்போது கதிரியக்கத்துக்கு ஆதரவா எதிர்ப்பா என்று சொல்லாமல் விட்டிருந்தார்கள். 1991இல் மறுபதிவு செய்தபோது செர்னோபில், ஹாரிஸ்பர்க், செல்லாஃபீல்ட், ஹிரோஷிமா என்று பெயர்களை அடுக்கி, கதிரியக்கத்தை நிறுத்தச் சொல்லிச் சேர்த்தார்கள். 2012இல் ஜப்பானில் நடந்த அணு உலை எதிர்ப்பு இசை விழாவில் ஃபுகுஷிமாவின் பெயரும் சேர்ந்தது. ஒரு பாட்டு 37 வருடம் கழித்தும் நடப்புச் செய்தியோடு சேர்ந்து வளர்வதை நான் வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

1977இல் வந்த 'ட்ரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' அவர்களின் ஆகச் சிறந்த ஆல்பம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே பெயரில் 1957 முதல் மேற்கு ஐரோப்பிய நாடுகளை இணைத்து முதல் வகுப்பு மட்டும் உள்ள ரயில்கள் ஓடின. முப்பது ஆண்டுகளுக்குள் இரண்டு முறை ஒன்றையொன்று அழிக்கப் பார்த்த நாடுகள் அவை. இப்போது காலையில் ஒரு நாட்டில் ஏறி மாலையில் இன்னொரு நாட்டில் இறங்கலாம். அந்தக் கண்டத்தையே தங்கள் வீடாக எண்ணிப் பாடினார்கள். தலைப்புப் பாட்டில் தண்டவாள இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம்தான் தாளம். மேலே சிந்தசைசர் ஒரு மெட்டைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகும். அது அப்படியே அடுத்த பகுதியான 'மெட்டல் ஆன் மெட்டல்'-இல் நுழைகிறது. உலோகத்தில் உலோகம் மோதும் சத்தம் மட்டும் மீதி. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதன் இரண்டு நொடிக்காக நீதிமன்றங்களில் கால் நூற்றாண்டு வழக்கு நடந்தது. அதற்கு வருகிறேன்.

1978இல் 'தி மேன்-மெஷின்'. சிவப்புச் சட்டை, கறுப்பு டை, சிவந்த உதடு, நால்வரும் ஒரே பக்கம் பார்க்கும் அட்டைப்படம். கார்ல் க்ளெஃபிஷ் செய்த அந்த வடிவமைப்பு ரஷ்ய ஓவியர் எல் லிசிட்ஸ்கியின் பாணியைத் தழுவியது. தங்களைப் போலவே பொம்மைகள் செய்து முன்னால் நிறுத்தத் தொடங்கியதும் அப்போதுதான். அதிலிருக்கும் 'தி மாடல்' ஒரு விளம்பர அழகியைப் பற்றிய சின்னப் பாட்டு. 1981இல் வேறொரு சிங்கிளின் பின்பக்கத்தில் போட்டிருந்தார்கள். வானொலிக்காரர்கள் பின்பக்கத்தையே திருப்பித் திருப்பிப் போட, 1982 பிப்ரவரியில் பிரிட்டனின் முதலிடத்துக்குப் போனது. நான்கு வருடம் பழைய பாட்டு. ஆனால் அதற்குள் பிரிட்டனில் எல்லோரும் அப்படித்தான் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதால் புதுப்பாட்டு மாதிரியே ஒலித்தது.

1981 மே மாதம் 'கம்ப்யூட்டர் வேர்ல்ட்'. ஐபிஎம் தன் முதல் தனிநபர் கணினியை அறிமுகம் செய்தது அதே வருடம் ஆகஸ்டில்தான். வீட்டில் தனியாக உட்கார்ந்து திரை வழியாகத் துணை தேடும் ஒருவன், யாருடைய தரவு யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி, கையில் அடங்கும் கருவியில் இசை செய்யும் மகிழ்ச்சி, எல்லாம் அந்த ஆல்பத்தில் இருக்கின்றன. அன்றைக்கு அது கற்பனை இல்லை. 70களில் தீவிரவாதிகளைத் தேடிய மேற்கு ஜெர்மன் மத்தியக் குற்றப்புலனாய்வுத் துறை கணினியில் மக்கள் தகவல்களைத் திரட்டிச் சலித்தது. நாட்டில் பெரிய விவாதமே நடந்துகொண்டிருந்தது.

அந்த வருட உலகச் சுற்றுப்பயணத்தில் 'பாக்கெட் கால்குலேட்டர்' வரும்போது நால்வரும் பெரிய கருவிகளை விட்டுவிட்டு மேடையின் விளிம்புக்கே வந்துவிடுவார்கள். கையில் குட்டிக் குட்டிக் கருவிகள். ஹூட்டர் குனிந்து, தன் கையிலிருந்ததை முதல் வரிசை ரசிகர்களிடம் நீட்டுவார். அவர்கள் சாவியை அழுத்துவார்கள், அந்த ஒலி அரங்கம் முழுக்கக் கேட்கும். உணர்ச்சியற்ற ரோபோக்கள் என்று இவர்களைச் சொல்பவர்களுக்கு இந்தக் காட்சியைக் காட்ட வேண்டும். அந்தப் பாட்டை ஜப்பானிய மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும்கூடப் பதிவு செய்தார்கள்.

அந்த ஒலி எங்கெல்லாம் போனது

பிரிட்டனுக்குப் போனது எளிதாகப் புரிகிறது. 1975 செப்டம்பரில் லிவர்பூல் எம்பயர் அரங்கில் இவர்களைப் பார்த்த ஆண்டி மெக்கிளஸ்கி என்ற 16 வயதுப் பையன் பிறகு ஓஎம்டி குழுவைத் தொடங்கினார். ஷெஃபீல்டில் ஹ்யூமன் லீக், பாசில்டனில் டெப்பெஷ் மோட் என்று வரிசை நீள்கிறது. பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி 1977இல் தன் பாட்டு ஒன்றுக்கு ஷ்னைடரின் பெயரையே வைத்தார். நியூ ஆர்டர் குழுவின் 1983ஆம் வருடத்து 'ப்ளூ மண்டே'-இல் வரும் கூட்டுக்குரல் ஒலி 'ரேடியோ-ஆக்டிவிட்டி' ஆல்பத்திலிருந்து எடுத்தது.

எனக்கு வியப்பு தருவது அமெரிக்கா. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கறுப்பின இளைஞர்களின் தெரு விருந்துகளில் 'ட்ரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' தட்டு சுழன்றது. 1982இல் டிஜே ஆஃப்ரிகா பம்பாட்டாவும் தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கரும் சேர்ந்து 'பிளானெட் ராக்' செய்தார்கள். மெட்டு 'ட்ரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' தந்தது, தாளம் 'கம்ப்யூட்டர் வேர்ல்ட்' ஆல்பத்தின் 'நம்பர்ஸ்' தந்தது. தட்டிலிருந்து வெட்டி ஒட்டாமல் டிஆர்-808 டிரம் மெஷினிலும் கீபோர்டிலும் மறுபடி வாசித்தார்கள். எலெக்ட்ரோ என்ற நடன இசை அங்கிருந்து கிளை விட்டது. டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் உருவாக்கிய டெக்னோ என்ற நடன இசைக்கும் க்ராஃப்ட்வெர்க் நேரடி மூதாதை. கார் ஆலைகள் மூடிக்கொண்டிருந்த ஊரில், ஆலை வட்டாரத்து ஜெர்மானியர்களின் இசை தங்களுடையது போலக் கேட்டிருக்க வேண்டும். வெள்ளைக்கார இசை என்றால் இறுக்கம், கறுப்பின இசை என்றால் துள்ளல் என்று பிரித்துப் பேசுகிறவர்களுக்கு இந்த வரலாறு சரியான பதில்.

1981க்குப் பிறகு வேகம் குறைந்தது. ஹூட்டருக்கும் ஷ்னைடருக்கும் சைக்கிள் ஓட்டுவதில் பெரும் பற்று வந்தது. 1983இல் பிரெஞ்சு சைக்கிள் பந்தயத்தின் பெயரில் 'டூர் டி ஃபிரான்ஸ்' என்ற சிங்கிள், சங்கிலிச் சத்தமும் மேல்மூச்சு வாங்கும் சத்தமுமாக வந்தது. 1986இல் வந்த 'எலெக்ட்ரிக் கஃபே' என்னை அவ்வளவாக ஈர்ப்பதில்லை. அவர்கள் கண்டுபிடித்ததை அதற்குள் எல்லோரும் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஃப்ளூர் 1987இல் விலகினார், பார்டோஸ் 1990இல். 2003இல் சைக்கிள் பந்தயத்தையே முழு ஆல்பமாக்கி, ஜெர்மன் பட்டியலில் முதன்முறையாக முதலிடம் பிடித்தார்கள். 2008இல் ஷ்னைடரும் விலகினார். 2020 ஏப்ரலில் காலமானார். ஹூட்டர் வேறு கலைஞர்களோடு இன்றும் மேடையேறுகிறார். 2012இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எட்டு இரவுகள், இரவுக்கு ஓர் ஆல்பம் வீதம் வாசித்தார்கள். 2018 ஜூலையில் ஸ்டுட்கார்ட் மேடையில், பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்த அலெக்சாண்டர் கெர்ஸ்ட் என்ற ஜெர்மன் விண்வெளி வீரர் அங்கிருந்தபடியே இவர்களோடு சேர்ந்து வாசித்தார்.

அந்த இரண்டு நொடி

1997இல் தயாரிப்பாளர் மோசஸ் பெல்ஹாம், ராப் பாடகி சப்ரினா செட்லரின் பாட்டு ஒன்றில் 'மெட்டல் ஆன் மெட்டல்'-இன் ஏறத்தாழ இரண்டு நொடித் தாளத்தை வெட்டி எடுத்து, சுழற்சியாக ஓடவிட்டார். இப்படி எடுப்பதற்கு சாம்பிளிங் என்று பெயர். ஹிப்-ஹாப் இசையின் உயிர்மூச்சே அதுதான். அனுமதி கேட்கவில்லை என்று ஹூட்டரும் ஷ்னைடரும் வழக்குப் போட்டார்கள். ஹம்பர்க் நீதிமன்றம், கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் என்று ஏறி இறங்கி, 2016இல் ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் கலைச் சுதந்திரத்துக்கும் எடை தர வேண்டும் என்றது. 2019 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மிகச் சிறிய துண்டானாலும் பதிவின் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும், ஆனால் காதால் கேட்டு அடையாளம் காண முடியாத அளவுக்கு மாற்றியிருந்தால் வேண்டியதில்லை. வழக்கு அதோடு முடியவில்லை. புதிய சட்டம் ஒன்று தழுவல் பாணிப் படைப்புகளுக்கு விலக்கு தர, அந்த விலக்கு சாம்பிளிங்குக்கும் பொருந்துமா என்று 2023இல் மறுபடி ஐரோப்பிய நீதிமன்றத்துக்கே கேள்வி போனது.

இதில் என் மனம் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. அந்தத் தாளத்துக்காக ஸ்டுடியோவில் உழைத்தவர்கள் அவர்கள். நியாயம் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதே சமயம், பிராங்ஸிலும் டெட்ராய்ட்டிலும் பையன்கள் தாராளமாக எடுத்துப் புழங்கியதால்தான் இவர்கள் பெயர் இவ்வளவு தூரம் போனது.

கேட்கத் தொடங்குவது எப்படி?

'தி மேன்-மெஷின்'-இல் தொடங்குங்கள். ஆறே பாட்டு, எல்லாமே முதல் தடவையிலேயே காதில் ஒட்டும். அடுத்து 'கம்ப்யூட்டர் வேர்ல்ட்', நல்ல ஹெட்ஃபோனில். அது பழகிய பிறகு 'ட்ரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்', முடிந்தால் ரயிலில் போகும்போது. 22 நிமிட 'ஆட்டோபானை' அவசரமில்லாத ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய வடிவத்தைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 1970 முதல் 73 வரை வந்த முதல் மூன்று ஆல்பங்களை அவர்களே மறுவெளியீடு செய்யாமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அதனால் அவற்றைத் தேடி அலைய வேண்டாம்.

இன்னொன்று. பெரும்பாலான ஆல்பங்களுக்கு ஆங்கிலம், ஜெர்மன் என்று இரண்டு பதிப்பு உண்டு. ஆங்கிலம்தான் முதலில் கண்ணில் படும். ஜெர்மன் தெரியாவிட்டாலும் ஒருமுறை ஜெர்மன் பதிப்பைக் கேளுங்கள். 'கம்ப்யூட்டர் வேர்ல்ட்' தலைப்புப் பாட்டின் ஆங்கில வடிவத்தில் இன்டர்போல், டாய்ச்ச வங்கி, எஃப்பிஐ, ஸ்காட்லாந்து யார்டு என்ற பெயர்கள் வரும். ஜெர்மன் வடிவத்தில் அவற்றோடு மத்தியக் குற்றப்புலனாய்வுத் துறையின் பெயரும், ஃப்ளென்ஸ்பர்க் என்ற சின்ன ஊரின் பெயரும் சேர்ந்து வரும். மேற்கு ஜெர்மனியில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவரின் போக்குவரத்துக் குற்றப் பதிவும் சேர்த்து வைக்கப்பட்ட ஊர் அது.